தூணைச் சுற்றி நின்ற பிள்ளைகள்

எங்கள் டிராவல்ஸில் இப்போது பஸ் ஓட்டுகிற பையன்களுக்கு என்னைக் கண்டால் இளக்காரம்தான். பெரியப்பா, பெரியப்பா என்று டீ வாங்கிக் கொடுப்பார்கள். நாலடி தள்ளிப் போய்ச் சிரிப்பார்கள். போன வாரம் ஷெட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒருத்தன் கேட்டே விட்டான்.

"பெரியப்பா, மதுரை ட்ரிப் போனா மகாலுக்குள்ள பிள்ளைகளைத் தூண் பக்கமே விட மாட்டீகளாமே? கிளீனர் சொன்னான். தூணு உங்களை என்ன செஞ்சுச்சு?"

"போயி ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துலே" என்று விரட்டிவிட்டேன். வேறு என்ன சொல்வது? சொல்ல ஆரம்பித்தால் போனைத் தூக்கிப் படம் பிடிப்பான்கள். கீழே பாட்டுப் போட்டு அனுப்பிவிடுவான்கள். ஆனால் வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஸ்டீயரிங்கை விட்டு இறங்கிய பிறகு எனக்கு வேறு வேலையும் இல்லை. அதனால் எழுதுகிறேன். படிக்கிறவன் படிக்கட்டும்.

வெடி லோடு லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, வடக்கே போய் வந்ததெல்லாம் தனிக் கதை. ஒரு பீடி பற்ற வைக்க வழியில்லாத பிழைப்பு அது. வெறுத்துப்போய் சிவகாசியில் ஒரு டிராவல்ஸில் வேலை கேட்டுப் போனேன். முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அண்ணாச்சி குரலை உயர்த்திப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. கிளீனரைக்கூட "வாங்க, சாப்பிட்டீகளா" என்றுதான் கேட்பார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். அவர் கை கண்ணாடிக்குப் போனால் ஷெட்டில் ஈ பறக்காது. எங்களுக்கெல்லாம் அவர் திட்டுவதைவிட அந்தக் கண்ணாடி மடங்குகிற சத்தம்தான் பயம்.

வேலை கேட்டுப் போன அன்றைக்கு அவர் என் லைசென்ஸைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"லிங்கம், குடும்பம் குட்டிகளோட ஒரு கூட்டத்தை மதுரைக்குக் கூட்டிட்டுப் போறீக. எல்லாரும் சுத்திப் பாக்க இறங்கிட்டாக. நீங்க என்ன செய்வீக?"

"பின் சீட்ல படுத்துத் தூங்குவேன் அண்ணாச்சி" என்றேன், உள்ளதை உள்ளபடி.

கண்ணாடி சட்டைப் பைக்குள் போனது. "பஸ்ஸைப் பாத்துக்கிட கிளீனர் இருக்காரு. நீங்க பிள்ளைகளோட உள்ள போங்க. அவுக அம்மா அப்பா வருசம் பூரா வெடிமருந்துக்குள்ள கெடந்தவுக. அன்னைக்கு ஒரு நாள் அவுக வேடிக்கை பாக்கட்டும். பிள்ளைகளை நீங்க பாருங்க. சம்மதம்னா சாவிய வாங்கிக்கிடுங்க."

இது என்ன கூத்து, டிரைவருக்கு ஆயா வேலையா என்று முனகிக்கொண்டேதான் சாவியை வாங்கினேன். பணி ஓய்வு பெறும் வரைக்கும் அந்த ஆயா வேலையைத்தான் பார்த்தேன். அதுதான் எனக்குப் பிடித்த வேலையாகவும் ஆனது.

எங்கள் பக்கத்து வழக்கத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் கம்பெனிகளைக் கொஞ்ச நாள் அடைத்துவிடுவார்கள். அப்போதுதான் சனங்களுக்கு மூச்சு வரும். சில கம்பெனிகளில் போர்மேன் முன்னால் நின்று, ஆட்களையும் குடும்பத்தையும் ஒரு பஸ்ஸில் ஏற்றி மதுரைக்குக் கூட்டிப் போவார். விடிகாலையில் பஸ் வந்து நின்றால் தெருவே ஜொலிக்கும். கம்பெனிக்கு நூல் சேலைதான் கட்டலாம், வளையல் கொலுசு கூடாது, உரசினால் பொறி வருமாம். ட்ரிப் அன்றைக்கு அத்தனை பெண்களும் பளபளவென்று நைலான் சேலையில் வருவார்கள். கை நிறைய வளையல் இருக்கும். குட்டிகள் நடந்தால் கீச்சுக் கீச்சென்று கத்துகிற செருப்பு போட்டிருக்கும்.

ஆனால் பழக்கம் எங்கே போகும்? மருந்து ரூமுக்குள் நுழைகிறதுக்கு முன்னால் வாசலில் பதித்திருக்கும் செப்புத் தகட்டில் உள்ளங்கையை வைக்க வேண்டும். உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்கிவிடுமாம். அந்தப் பெண்கள் பஸ்ஸில் ஏறும்போதும் படிக்கட்டுக் கம்பியில் உள்ளங்கையைப் பட்டென்று வைத்துவிட்டுத்தான் காலைத் தூக்குவார்கள். அவர்களுக்கே தெரியாது. அதைப் பார்த்தே இது யார் கம்பெனி ஆள், யார் கூட வந்த சொந்தக்காரி என்று நான் சொல்லிவிடுவேன்.

சின்னப் பிள்ளைகளோடு பழைய ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. இந்தக் காலத்துப் பையன்கள் போனில் வழி பார்த்து ஓட்டுகிறான்கள், முறை பார்ப்பதில்லை. வாந்தி எடுக்கிற பிள்ளைகளை முதல் இரண்டு வரிசையில் உட்கார வைக்க வேண்டும். கையில் பிரஸ்ஸில் கழித்துப்போட்ட காலண்டர்த் தாளைச் சுருட்டிக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? சாமி படம் போட்ட தாளைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆத்தாமார் சண்டைக்கு வந்துவிடுவார்கள். பிழையாக அச்சான கல்யாணப் பத்திரிகை அட்டையின் பின்பக்கத்தில் பஸ் பெயரையும் போன் நம்பரையும் எழுதி, ஒவ்வொரு பிள்ளை கழுத்திலும் நூல் கட்டித் தொங்க விடுவேன். முன்பக்கத்தில் எவனோ மாப்பிள்ளை பெயர் இருக்கும். அதை வைத்துப் பிள்ளைகளை "என்ன மாப்பிள்ளை, பொண்ணு எங்க?" என்று கேட்டால் அந்தச் சிரிப்பு திருமங்கலம் வரைக்கும் தாங்கும்.

மதுரைக்குள் போனதும் எல்லாரும் கோயில் கோயில் என்பார்கள். விடக்கூடாது. காலையிலேயே பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தால் அன்றைய பொழுது அழுகையில்தான் போகும். முதலில் மகால். அது ராசா அரண்மனை. உள்ளே ஓட இடம் இருக்கிறது, அண்ணாந்து பார்க்கப் புறா இருக்கிறது. அப்புறம் காந்தி மியூசியம், அங்கே மரத்தடியில் புளிச்சோறு. வெயில் இறங்கினதும் கோயில். பிள்ளைகள் அதற்குள் களைத்துப் போயிருக்கும், அடம் பிடிக்காது. திரும்பும்போது விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா. இதுதான் என் வரிசை. எத்தனையோ பேர் மாற்றிப் பார்த்துவிட்டு என் வரிசைக்கே வந்தார்கள்.

மகாலுக்குள் நான் ஒரு விளையாட்டு வைத்திருந்தேன். அங்கே தூண்கள் ஒவ்வொன்றும் யானை மாதிரிப் பெருத்திருக்கும். ஒரு பிள்ளை கட்டிப்பிடித்தால் தூணில் பல்லி ஒட்டின மாதிரி இருக்கும். ஐந்தாறு பிள்ளைகள் கையைக் கோத்தால்தான் ஒரு தூண் வளையும். கோத்த கையை விடாமல் தூணை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். கையை விட்டவர்களுக்குக் கடலை மிட்டாய் கிடையாது. பிள்ளைகள் கன்னத்தைச் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்கிறதைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். பெத்தவர்கள் நின்று சிரிப்பார்கள். வருசத்தில் அந்தப் பெண்கள் வாய் விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த இடத்தில்தான்.

ஒரு வருசம் வந்த கூட்டத்தில் முத்துமாரி என்று ஒருத்தி. விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனியில் பட்டாசுக்குள் மருந்து செலுத்துகிற ரூமில் வேலை. முந்தைய தலைமுறை வரைக்கும் காட்டு வேலைக்குப் போன குடும்பம்தான். மூத்தது பாண்டிச்செல்வி, அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தது. இளையவன் மதன் இடுப்பில். புருசன் அன்றைக்கு வரவில்லை, காய்ச்சல். முத்துமாரிக்கு வாய் ஓயாது. மகால் வாசலைத் தாண்டினதும் ஆரம்பித்துவிட்டாள்.

"டிரைவர் அண்ணே, அம்புட்டுப் பெரிய அரமணைக்கு வாசல் ஒண்ணுதானா? எங்க கம்பெனில ஒத்த ரூமுக்கே நாலு வாசல் வச்சிருக்காக. இந்த ராசா வெவரம் இல்லாதவரு போல!"

கூட்டமே சிரித்தது. போர்மேன்கூடச் சிரித்தார். அவர்தான் அவர்களுக்கெல்லாம் பயிற்சி கொடுத்தவர். சத்தம் கேட்டால் ஓட வேண்டும். கத்தக்கூடாது, கத்தினால் மூச்சு வீண். யாரையும் தேடக்கூடாது. திரும்பிப் பார்க்கக்கூடாது. மாசா மாசம் விசில் ஊதி ஓட விட்டுப் பார்ப்பார். பிந்தி வந்தவர்களை அன்றைக்கு முழுக்கக் கேலி பண்ணுவார்கள். அது அவர்கள் காலில் ஏறிவிட்ட பாடம்.

பிள்ளைகள் தூணைச் சுற்றிக் கை கோத்திருந்தார்கள். பாண்டிச்செல்வி வெளிமுற்றத்தைப் பார்த்த பக்கம் நின்றாள். முத்துமாரி பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலடி தள்ளி நின்று, "ஏ செல்வி, விட்றாதடி, மிட்டாய் போச்சு!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. தும் என்று நெஞ்சில் வந்து குத்தியது. புறாக்கள் மொத்தமாக எழும்பின. அடுத்த தெருவில் டிரான்ஸ்பார்மர் வெடித்ததாகப் பிறகு சொன்னார்கள். மதுரைக்காரர்கள் என்ன என்று பார்க்க வாசல் பக்கம் நகர்ந்தார்கள். வெள்ளைக்காரர் ஒருத்தர் கேமராவைத் தூக்கினார்.

எங்கள் சனம் ஓடியது.

ஒருத்தர் வாயிலும் சத்தம் இல்லை. புருசன் பெண்டாட்டி ஆளுக்கொரு பக்கம். செருப்பெல்லாம் அங்கங்கே கிடந்தது. முற்றத்தைக் கடந்து, வாசலில் காவல்காரர் கையை விரித்துத் தடுக்கத் தடுக்க, அவரையும் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டார்கள். நைலான் சேலைகள் சரசரவென்று போன சத்தம் மட்டும்தான் கேட்டது. முத்துமாரி தூணை ஒட்டித்தான் ஓடினாள். அவள் முந்தானை பாண்டிச்செல்வி முதுகில் உரசிக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன். "அம்மா" என்றது பிள்ளை. அவள் திரும்பவில்லை.

நான் நின்றேன். வீரமெல்லாம் இல்லை. என் காலுக்கு அந்தப் பயிற்சி இல்லை, அவ்வளவுதான். பிள்ளைகளும் நின்றார்கள். அவர்களுக்கும் பயிற்சி இல்லை. எங்கள் பக்கம் பெத்தவர்களுக்கெல்லாம் ஒரே வைராக்கியம், நம்மோடு போகட்டும், பிள்ளை கம்பெனி வாசலை மிதிக்கக்கூடாது என்று. அப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளைகள். சத்தம் கேட்டால் என்ன செய்வது என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்திருக்கப் போகிறார்கள்? தூணில் கன்னத்தை வைத்தபடி, கழுத்தை மட்டும் திருப்பி, அம்மா அப்பா ஓடுகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பிள்ளையும் கையை விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருத்தராக வந்தார்கள். வெறுங்காலோடு, முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வந்தார்கள். அப்புறம் ஒருத்தி சிரித்தாள், எல்லாரும் சிரித்தார்கள். "எம் புருசன் என்னைய இடிச்சுத் தள்ளிட்டுல்ல ஓடுறாரு!" என்று ஒருத்தி. போர்மேனுக்கு ஒரே பெருமை. "பாத்தீகளா டிரைவர், எங்க ஆளுகளை? ஒரு நிமிசத்துல இடம் காலி!" என்று என் தோளில் தட்டினார். பிள்ளைகளை வாரி எடுத்துக்கொண்டார்கள். அழுத பிள்ளைகளும் உண்டு, சிரித்த பிள்ளைகளும் உண்டு.

முத்துமாரி கடைசியாக வந்தாள். ரொம்ப தூரம் ஓடியிருக்கிறாள். இடுப்பில் பையன் வீறிட்டுக்கொண்டிருந்தான். மகள் முன்னால் வந்து நின்றாள். பாண்டிச்செல்வி அழவெல்லாம் இல்லை. சிவந்துபோன இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டியது.

"அம்மா, நாங்க யாருமே கைய விடல. நீதாம்மா தம்பியத் தூக்கிட்டு ஓடிட்ட."

குற்றம் சொல்லவில்லை அந்தப் பிள்ளை. விளையாட்டில் ஜெயித்ததைச் சொன்னது. உடனே என் பக்கம் திரும்பி, "மாமா, மிட்டாய்" என்றது. நான் கொடுத்தேன். விருதுநகரில் எல்லாரும் பரோட்டா சாப்பிட இறங்கினார்கள். வாயாடி முத்துமாரி பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த தீபாவளி கழித்து மறுபடி வந்தாள். மகாலுக்குள் நுழைந்ததும் முந்தானையை மகள் கையில் முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டாள். மற்றப் பிள்ளைகள் தூணுக்கு ஓடின. பாண்டிச்செல்வி போகப் பார்த்தது, இழுத்து வைத்துக்கொண்டாள்.

"விடு தாயி, விளையாடட்டும்" என்றேன்.

"ஒரு வருசமா அது சொன்னதுதாண்ணே காதுல கெடக்கு. சோறு பொங்கையில கேக்குது, மருந்து செலுத்தையில கேக்குது. பெத்த பிள்ளையத் தாண்டி ஓடுன காலு என்ன காலுண்ணே? நாயிகூட நின்னு பாக்கும்."

"நீயாவா ஓடுன? பழக்கம் ஓட வச்சிருச்சு. எல்லாருந்தான் ஓடுனாக."

"எல்லாரும் மறந்துட்டாக. எனக்கு மறக்க மாட்டேங்குதே. இனிமே என்ன சத்தம் கேட்டாலும் நான் நிப்பேன், பாருங்க."

"கிறுக்கச்சி மாதிரிப் பேசாத. இங்க வேணா நில்லு. ரூமுல நின்னுறாத" என்று சத்தம் போட்டேன்.

அப்போதுதான் பழைய மாதிரிச் சிரித்தாள். "ரூமுல எங்கண்ணே பிள்ளை இருக்கு நிக்கிறதுக்கு?"

அந்தச் சிரிப்போடுதான் நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது.

அது நடந்த அன்றைக்கு ஆனைக்குட்டம் அணைக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் பாட்டும் கைத்தட்டலுமாக இருந்தது. அதையும் மீறி நெஞ்சில் குத்தியது சத்தம். இது டிரான்ஸ்பார்மர் இல்லை என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ரோட்டில் போன பைக்குகள் எல்லாம் அப்படியே நின்றன. வீடுகளிலிருந்து பெண்கள் வெளியே வந்து, புகை எந்தப் பக்கம் எழும்புகிறது என்று பார்த்தார்கள். விஸ்வநத்தம் பக்கம். அந்தப் பக்கம் வேலைக்குப் போன ஆள் இருக்கிற வீட்டுக்காரிகள் ஓடினார்கள், மற்றவர்கள் நின்ற இடத்தில் உட்கார்ந்தார்கள். பஸ்ஸில் பிள்ளைகள் பாட்டை நிறுத்தவில்லை. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

முத்துமாரியோடு அதே ரூமில் வேலை பார்த்துத் தப்பிய ஒருத்தி பிறகு சொன்னாள். பக்கத்து ரூமில்தான் முதலில் பற்றியிருக்கிறது. இவர்கள் ரூமில் இருந்தவர்கள் சரியாகத்தான் ஓடியிருக்கிறார்கள். புதிதாக வந்த பெண் ஒருத்தி, கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாள்தான், அன்றைக்குத்தான் அந்த ரூமுக்குள் விட்டிருந்தார்கள். அவள் ஓடவில்லை. வைத்த கையை வைத்தபடி சிலை மாதிரி நின்றுவிட்டாள்.

"முத்துமாரி என்கூட வெளிய வந்துட்டாண்ணே. ரெண்டு பேருந்தான் வாசலைத் தாண்டுனோம். அந்தப் புதுப்பிள்ளை 'அக்கா'ன்னு ஒரு சத்தம் குடுத்துச்சு. இவ நின்னா. திரும்பிப் பாத்தா. நான் 'வாடி'ன்னு கத்துறேன், உள்ள போயிட்டா. அது கையப் பிடிச்சு இழுத்தா, நான் பாத்தேன். அப்பறம் ஒண்ணும் பாக்க முடியல."

இரண்டு பேரையும் சேர்த்துத்தான் எடுத்தார்களாம்.

துக்க வீட்டுக்கு அண்ணாச்சி வந்தார். நான்தான் கூட்டிப்போனேன். பந்தலில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் போர்மேன் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நடிப்பில்லை, மனுசன் உடைந்துபோயிருந்தார். அழுகிற வாயில் வந்ததையெல்லாம் சொன்னார்.

"வெளிய வந்துட்டா அண்ணாச்சி. வாசலைத் தாண்டிட்டா. ஓடியிருந்தாப் பிழைச்சிருப்பா. எத்தனை தடவை சொல்லிக் குடுத்தேன், திரும்பிப் பாக்காத, திரும்பிப் பாக்காதன்னு. கேக்கலையே. நல்லா ஓடுறவதான அண்ணாச்சி அவ? மதுரையில எப்படி ஓடுனா!"

பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு பாண்டிச்செல்வி நின்றிருந்தது. தம்பியைக் கையில் பிடித்திருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தது.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். மடக்கினார். சட்டைப் பைக்குள் வைத்தார். "நீங்க சொல்றது சரிதான்" என்றார், காதோடு சொல்கிற மாதிரி. "இப்ப எந்திரிச்சு அந்தப் பக்கம் போயிருங்க."

போர்மேன் பிள்ளையைப் பார்த்தார். எழுந்து போய்விட்டார். அண்ணாச்சி கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொள்ளவே இல்லை. பஸ்ஸில் வரும்போது, "லிங்கம், ஓடச் சொல்லிக் குடுத்தது தப்பா, நின்னது தப்பா?" என்று கேட்டார். அவருக்கு அவ்வளவு படிப்பு, அவ்வளவு அனுபவம், என்னிடம் கேட்கிறார். நான் கியரை மாற்றினேன்.

அப்புறம் நிவாரணப் பணம் கேட்டுச் சூலக்கரைக்கு, கலெக்டர் ஆபீசுக்கு, அந்தத் தெருச் சனங்களை இரண்டு மூன்று தடவை நான்தான் கூட்டிப்போனேன். வேப்பமரத்தடியில் நிற்பார்கள், கூப்பிட்டால் போவார்கள், வருவார்கள். யாரைக் குறை சொல்வது என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். போர்மேன் உயிர் பிழைக்கத்தான் சொல்லிக் கொடுத்தார். பிள்ளை விளையாட்டில் ஜெயித்ததைத்தான் சொன்னது. அந்தப் புதுப்பெண் பயந்தது, அவ்வளவுதான். யார் மேலாவது ஒரு தப்பு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன். எவன் சட்டையைப் பிடிக்க?

அதற்குப் பிறகு தூண் விளையாட்டை விட்டுவிட்டேன். பிள்ளைகளாகவே போய்க் கையைக் கோத்தாலும் விரட்டுவேன். புறாவைப் பாரு, மேலே கூரையைப் பாரு என்பேன். கிளீனர்கள் கிழவனுக்குக் கிறுக்கு என்று பேசிக்கொண்டதெல்லாம் என் காதில் விழுந்ததுதான். அண்ணாச்சியும் போய்ச் சேர்ந்தார். அவர் மகன் நல்ல பிள்ளைதான். ஆனால் டிரைவர் உள்ளே போகணும் என்ற சட்டத்தை எடுத்துவிட்டார். தூங்கட்டும் பாவம், திரும்ப ஓட்டணும் இல்லையா என்றார். அதுவும் நியாயம்தான். நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன்.

என் கடைசி ட்ரிப்பும் ஒரு கம்பெனிக் கூட்டம்தான். வாசலில் நின்று ஒவ்வொருத்தராக ஏற்றிக்கொண்டிருந்தேன். நெடுநெடுவென்று ஒரு பெண் வந்தது, பின்னாலேயே அரும்பு மீசையோடு ஒரு பையன். "டிரைவர் மாமா, என்னையத் தெரியுதா?" என்றது. முத்துமாரி முகம் அச்சு அசலாக. எனக்கு அப்படி ஒரு சந்தோசம். "ஏ தாயி! பாண்டிச்செல்வியா? காலேஜ் படிக்கிறியா? யார்கூட வந்திருக்க?" என்று அடுக்கினேன்.

அது பதில் சொல்கிறதுக்கு முன்னால் படியேறியது. ஏறும்போது உள்ளங்கையைக் கம்பியில் பட்டென்று வைத்துவிட்டுக் காலைத் தூக்கியது. எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. நாசமாப் போக என்று யாரைத் திட்டினேனோ, திட்டினேன்.

"பன்னெண்டு முடிச்சேன் மாமா" என்றது, என் முகத்தைப் பார்த்துவிட்டு. "பதினெட்டு ஆனதும் கம்பெனில கூப்பிட்டாக. அப்பாவுக்கும் மூச்சு முட்டு. தம்பி படிக்கணும்ல?"

மகாலில் அதே முற்றம், அதே புறா. கூட்டம் நெருக்கியடித்தது. அக்காளும் தம்பியும் முன்னால் போனார்கள், நான் பின்னால் நடந்தேன். அந்தத் தூணுக்குப் பக்கத்தில் வந்ததும் பாண்டிச்செல்வி நின்றது. தூணைத் தொடவில்லை, சும்மா பார்த்தது.

"இதுதான மாமா?"

"எது தாயி? எல்லாத் தூணும் ஒண்ணு போலத்தான் இருக்கு" என்றேன்.

"நான் சொன்னதுதான் அம்மா காதுல கெடந்துச்சாம். கூட வேலை பாத்த அக்கா சொல்லுச்சு. நான் கைய விடலன்னு சொன்னேன்ல."

"ஒனக்கு அப்ப என்ன வயசு? அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. சும்மா வாயில வந்ததைப் பேசுறாக."

"நீங்க அப்படித்தான் மாமா சொல்லுவீக" என்றது. கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரிச் சொன்னது. அதுதான் தாங்கவில்லை.

பேச்சை மாற்ற வேண்டுமே என்று, "கூட்டமா இருக்கு, தம்பி கையக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. தொலைஞ்சு கிலைஞ்சு போயிறப் போறான்" என்றேன்.

"அவன் கைய நான் பிடிக்கிறதே இல்ல மாமா. அவனுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேன்." தம்பி பக்கம் திரும்பியது. "சொல்லுலே. சத்தம் கேட்டா?"

"ஓடணும்" என்றான் மதன், புறாவைப் பார்த்துக்கொண்டே.

"அக்கா கூப்பிட்டா?"

"திரும்பிப் பாக்கக் கூடாது."

"அக்கா கையப் பிடிச்சா?"

"உதறிட்டு ஓடணும்."

இத்தனைக்கும் அவன் இரண்டு கையும் பேன்ட் பாக்கெட்டுக்குள்தான் இருந்தன.